வழிமறிக்கப்படும் நல்ல அஞ்சல்கள்

குப்பை அஞ்சல்களைத் தடுக்கும் வடிகட்டிகள் இல்லையேல் மின்னஞ்சலைப் பயன்படுத்துவதே இயலாததாகிவிடும். எனினும் அவை இழைக்கும் தவறு இருவகைப்படும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு குப்பை அஞ்சல் தப்பி உள்ளே வருமாயின் அதனை அழிக்கச் சில விநாடிகள் போதும். ஆனால், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்போ புலமைப்பரிசில் அறிவித்தலோ குப்பையென ஒதுக்கப்படுமாயின் உரியவர் அறியாமலேயே வாய்ப்பை இழக்கின்றார். அனுப்பியவரோ அது கிடைத்துவிட்டதென்றே எண்ணியிருப்பார்.

சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு குப்பையை இனங்காணும் முறையை 2002 ஆம் ஆண்டில் தமது கட்டுரையொன்றின் மூலம் பிரபலப்படுத்திய போல் கிரகாம், நல்ல அஞ்சலைத் தடுப்பதே பாரதூரமான தவறென வலியுறுத்தினார். ஆயினும், சொற்களை மாத்திரம் நம்புவது போதுமானதன்று. வங்கியின் உண்மைக் கடிதத்திலும் மோசடிக்காரரின் கடிதத்திலும் பெரும்பாலும் அதே சொற்களே காணப்படுகின்றன.

எனவே, அஞ்சல் எந்த வழங்கியிலிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டியுள்ளது. அனுப்புநர் பெயரை எவரும் பொய்யாக எழுதலாம். ஆனால், அஞ்சலை ஒப்படைக்கும் வழங்கி மறுமுனையுடன் இருவழித் தொடர்பு கொள்ள வேண்டியிருப்பதால் அதன் ஐ.பி. முகவரியைப் போலியாக்குவது மிகக் கடினம். நம்பத்தகுந்த வழங்கிகளின் வெள்ளைப் பட்டியல்கள் இவ்வடிப்படையிலேயே பேணப்படுகின்றன. பட்டியலிலுள்ள வழங்கியின் அஞ்சலுக்கு வடிகட்டி சலுகைப் புள்ளி வழங்குகின்றது. தனது பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை எவ்வழங்கிகளுக்கு உண்டென நிறுவனமே அறிவிப்பது எஸ்.பி.எஃப். முறையாகும். டி.கே.ஐ.எம். முறையோ அஞ்சலில் இலக்கமுறைக் கையொப்பம் இடுகின்றது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 இற்கு மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோர் இவ்விரண்டையும் பின்பற்ற வேண்டுமெனக் கூகுள் 2024 பெப்ரவரியில் விதித்தது.

ஆயினும், அடையாளம் வேறு, நேர்மை வேறு. குப்பை அனுப்புவோரும் கையொப்பமிடலாம். நல்ல வழங்கியும் களவாகக் கைப்பற்றப்படலாம். ஆகையால் நம்பிக்கை என்பது நடத்தையால் ஈட்டப்பட்டு, தொடர்ந்து மீளாய்வு செய்யப்பட வேண்டியதாகும். பட்டியலில் இல்லாத சிறிய நிறுவனங்களின் வழங்கிகளைக் குற்றவாளிகளாகக் கருதுவதும் நியாயமாகாது.

நிறுவனங்கள் தமது வழங்கிகளை முறையாகப் பதிவு செய்தல் வேண்டும். வடிகட்டிகளை நிர்வகிப்போர் சந்தேகத்துக்குரிய அஞ்சலை ஓசையின்றி அழிக்காது, ஒப்படைக்கும் வேளையிலேயே மறுப்பின், அனுப்பியவர் அதனை அறிந்துகொள்வார். நாமும் குப்பைக் கோப்புறையை இடையிடையே திறந்து பார்ப்பது நன்று. தபாற்காரர் கடிதத்தைக் கிழித்தெறிவதை ஏற்றுக்கொள்ளாத நாம், இயந்திரம் அதனைச் செய்கையில் மாத்திரம் வாளாவிருக்கலாமா?