தேர்தலுக்கு முதல் நாள் கடைத்தெரு

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கினால் அரசியல்வாதிகளுக்கு அடுத்தபடியாகத் தூக்கம் கெடுவது வியாபாரிகளுக்குத்தான். கொழும்பு புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்துவரும் நாம், 1982 முதல் 2024 வரை நடந்த ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களையும் கடை மேசையில் இருந்தபடியே பார்த்திருக்கிறோம். தேர்தலுக்கு முந்திய நாட்களில் மக்களிடம் இரண்டு குணங்கள் தலைதூக்கும். ஒன்று பயம், மற்றது எதிர்பார்ப்பு. இவை இரண்டும் நமது கல்லாப்பெட்டியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைச் சிறு வியாபாரிகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 1988 டிசம்பர் தேர்தல் ஜே.வி.பி. கிளர்ச்சியின் நடுவே நடந்தது. கடையைத் திறக்காதே என்று துண்டுச் சீட்டு வந்த காலம் அது. அந்தத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் மட்டுமே. 1994 ஒக்டோபர் 24ஆம் திகதி, தேர்தலுக்குப் பதினாறு நாட்கள் இருக்கையில், தொட்டலங்கக் கூட்டத்தில் குண்டு வெடித்து வேட்பாளர் காமினி திசாநாயக்க பலியானார். 1999 டிசம்பர் 18ஆம் திகதி, வாக்களிப்புக்கு மூன்று நாட்கள் முன்பு, கொழும்பு நகர மண்டபத்தருகே நடந்த குண்டுவெடிப்பில் ஜனாதிபதி சந்திரிகா ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். இவற்றையெல்லாம் அனுபவித்த ஜனங்கள், தேர்தல் என்றால் ஒரு மாத அரிசியை முன்கூட்டி வாங்க நினைப்பது குற்றமல்ல.

எதிர்பார்ப்பின் கதை வேறு. 2019 நவம்பர் தேர்தலில் வரிக் குறைப்பு பெரிய வாக்குறுதியாக இருந்தது. அதன்படி டிசம்பர் 1ஆம் திகதி முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. கடைத்தெரு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அரசின் வருமானம் சரிந்தது. அதன்மேல் கொவிட் நோயும் வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. குறைத்த வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாயிற்று. மேடைப் பேச்சை வைத்துக் கொள்முதல் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி சனிக்கிழமை தேர்தல். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது, இரண்டாம் விருப்பு வாக்கை எண்ண நேரிடும், தகராறு வரும் என்று ஊரெங்கும் பேச்சு. வியாழக்கிழமையே நமது நாட்டாமைமாரில் பாதிப் பேர் வாக்களிக்க ஊருக்குப் போய்விட்டார்கள். வெளியூர் லொறிகளும் குறைந்தன. பயந்தவர்கள் தேவைக்கு மேல் அள்ளினார்கள். புது ஆட்சியில் விலை குறையும் என்று நம்பியவர்கள் தேவையானதையும் வாங்காமல் இருந்தார்கள்.

வாரம் இரண்டு மூட்டை மைசூர்ப் பருப்பு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஓடி வந்தார்.

"முதலாளி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்ன விலையோ தெரியாது. செவ்வாய்க்கிழமைக்குக் காசோலை தாறன், பத்து மூட்டை போடுங்க" என்றார்.

"தம்பி, காசுக்கு எத்தனை மூட்டை என்றாலும் எடுங்க. கடனுக்கு நாலு போதும்" என்றோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

நடந்தது என்ன? வாக்களிப்பு அமைதியாக முடிந்தது. அன்றிரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டு, ஞாயிறு நண்பகல் வரை நீடித்தார்கள். வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. ஞாயிறு மாலை அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. திங்கட்கிழமை விசேட விடுமுறை. கலவரமும் இல்லை, பருப்பு விலை பாயவும் இல்லை. புதன்கிழமை வந்த அந்தத் தம்பி, "பத்து மூட்டை எடுத்திருந்தா காசோலை திரும்பியிருக்கும் முதலாளி" என்றார். அவரது கடை ஞாயிறு முழுவதும் பூட்டியிருந்ததாம்.

அவருக்குப் புத்தி சொல்ல நமக்குத் தகுதி வந்தது நமது பிழையால்தான். 1999 தேர்தல் சமயம், விலை ஏறும் என்று சீனியை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்றோம். விலை ஏறவில்லை. ஆனால் தகப்பனார் காலத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் பிறகு நமது படி ஏறவே இல்லை. சரக்கின் நட்டத்தைப் பின்னொரு நாள் ஈடுகட்டலாம். இதை எப்படி ஈடுகட்டுவது?

ஆகவே, எந்தத் தேர்தல் வந்தாலும் அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா ஆகியவற்றைப் பத்து நாள் விற்பனைக்கு அளவாக வைத்திருங்கள். அதற்கு மேல் கடனுக்கு வாங்காதீர்கள். தேர்தலை ஒட்டிய நான்கு நாட்களுக்குக் காசோலைத் திகதி போடாதீர்கள். விலையைத் தெரியும்படி எழுதி வையுங்கள். சரக்கைப் பதுக்குவதும், இருப்பதை இல்லை என்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். வேலையாட்களுக்கு வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை கொடுங்கள். எந்தக் கட்சியின் சுவரொட்டியையும் கடைக்குள் அனுமதிக்காதீர்கள். உங்கள் வாக்கை உங்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பதற்றமான நேரத்தில் ஜனங்கள் வானொலிச் செய்தியை விடத் தெருமுனைக் கடையைத்தான் பார்ப்பார்கள். கடை திறந்திருந்து, பழைய விலைக்கே பருப்பு நிறுத்துக் கொடுத்தால் அவர்களுக்குப் பாதிப் பயம் தெளிந்துவிடும். அதை நம்மால் செய்ய முடியும் அன்பர்களே.