44 நாளில் 3 அறிமுகம்... அதன்பிறகு நடராஜனுக்கு என்ன ஆச்சு?

இந்திய டி20 அணி அறிவிக்கப்படும்போதெல்லாம் நம்ம ஊர் கமெண்ட் பகுதிகளில் தவறாமல் எட்டிப்பார்க்கும் கேள்வி, "நட்டு எங்கப்பா?" பெரும்பாலும் 'அரசியல்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் டி.நடராஜனின் கரியரைத் தேதிவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது வேறொரு வார்த்தை: காயம். மற்றவர்களின் காயம் அவருக்குக் கதவைத் திறந்தது. அவருடைய காயம் அதே கதவைச் சாத்திவிட்டது.

1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20, மொத்தம் 13 விக்கெட். இந்தியாவுக்காக நடராஜன் ஆடியது இவ்வளவுதான். அதுவும் 2020 டிசம்பர் 2-ல் தொடங்கி 2021 மார்ச் 28-ல் முடிந்துவிட்டது. நான்கு மாதம்கூட முழுசாக இல்லை!

20 வயது வரை டென்னிஸ் பால்தான்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். ஐந்து பிள்ளைகளில் நடராஜன்தான் மூத்தவர். 20 வயதை ஒட்டும்வரை அவர் ஆடியது எல்லாம் டென்னிஸ் பால் கிரிக்கெட்.

அவருடைய யார்க்கர் பிறந்த இடமும் அதுதான். டென்னிஸ் பந்து லேசானது. மைதானம் சின்னது. பேட்ஸ்மேன் வந்ததும் சுத்த ஆரம்பித்துவிடுவார். பந்து அவருடைய காலடியில், ஸ்டம்புக்கு அடியில் போய் விழுந்தால்தான் பவுலர் தப்பிப்பார். கொஞ்சம் முன்னால் விழுந்தால் பேட்டுக்கு வாகான பந்து. கொஞ்சம் தாண்டினால் ஃபுல் டாஸ். இரண்டுமே சிக்ஸர்தான்! யார்க்கருக்குப் பிழை விடும் இடம் சில அங்குலம்தான். அதை வருடக்கணக்கில் ஊர் டோர்னமெண்டுகளில் போட்டுப் போட்டுப் பழகியவர் நடராஜன்.

அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தது ஊரில் அவர் 'அண்ணன்' என்று அழைக்கும் ஒருவர். ஐபிஎல்லில் நடராஜனின் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜே.பி. இவர்தான். சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் வரை போய், 2015 ஜனவரியில் பெங்கால் அணிக்கு எதிராக ரஞ்சி அறிமுகம்.

முதல் போட்டியிலேயே புகார்

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். அந்தப் போட்டியில் நடராஜனின் பந்துவீச்சு சந்தேகத்துக்குரியது என நடுவர்கள் புகார் அளித்தார்கள்.

விதி என்ன? பந்து வீசும்போது கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை, முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் அது பவுலிங் அல்ல, 'த்ரோ'. டென்னிஸ் பாலில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. கோச்சிங் இல்லாமல் வளர்ந்த ஒரு கைக்கு அது தெரியவும் தெரியாது.

ஒரு பவுலரின் ஆக்‌ஷனை மாற்றுவது என்பது, 20 வருஷமாக எழுதிய கையெழுத்தை மாற்றச் சொல்வது மாதிரி. மாற்றினால் வேகம் போகும், லைன் போகும், யார்க்கரும் போகலாம். பலர் இந்த இடத்தில் ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். நடராஜன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து கையை முதலிலிருந்து கட்டினார். ஆஸ்திரேலியாவில் எடுத்த விக்கெட்டுகளைவிட இதுதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஹைலைட்ஸ் வீடியோ கிடையாது.

2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக ஆடிய நடராஜன், சூப்பர் ஓவரில் அடுக்கடுக்காக யார்க்கர் போட்டது டிவியில் வந்தது. அடுத்த ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆனால் 6 போட்டி, 2 விக்கெட்டோடு சரி. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. அதன்பிறகு இரண்டு சீசன் ஒரு போட்டிகூட ஆடவில்லை.

2020-ல் வாய்ப்பு வந்தது. 16 போட்டி, 16 விக்கெட். எலிமினேட்டரில் 56 ரன்னோடு நின்றுகொண்டிருந்த ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை யாராலும் மறக்க முடியாது.

நெட் பவுலராகப் போனவர்

அதே நவம்பரில் இந்திய அணி ஆஸ்திரேலியா கிளம்பியது. நடராஜன் அதில் நெட் பவுலர். அதாவது, பயிற்சியில் நம் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடுபவர். அணிப் பட்டியலில் பெயர் இருக்காது.

இங்கிருந்து காயங்களின் வரிசை ஆரம்பிக்கிறது. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம், டி20 அணியில் நடராஜன். நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு, ஒருநாள் அணியில் நடராஜன். டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், 2 விக்கெட். டிசம்பர் 4-ல் அதே மைதானத்தில் டி20 அறிமுகம், 3 விக்கெட். டி20 தொடர் முழுவதும் சேர்த்து 6 விக்கெட். தொடர் நாயகன் விருது வாங்கிய ஹர்திக் பாண்டியா, அது நடராஜனுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

டி20 முடிந்தால் வீட்டுக்குத்தானே? இல்லை. டெஸ்ட் தொடருக்கும் நெட் பவுலராக அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. ஐபிஎல் பிளே-ஆஃப் சமயத்தில் பிறந்த மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. கேப்டன் கோலி, குழந்தை பிறப்புக்காக முதல் டெஸ்ட் முடிந்து நாடு திரும்பியது அதே தொடரில்தான். ஆளுக்கு ஒரு விதியா என்று சுனில் கவாஸ்கரே அப்போது தன் பத்தியில் எழுதினார்.

பிறகு ஷமி, உமேஷ் யாதவ், பும்ரா, அஸ்வின், ஜடேஜா என ஒவ்வொருவராகக் காயம். பிரிஸ்பேனில் கடைசி டெஸ்ட். அங்கே இந்தியா இறக்கிய ஐந்து பவுலர்களும் அதற்கு முன் ஆடிய டெஸ்டுகளைக் கூட்டினால் மொத்தமே நான்குதான்! 2021 ஜனவரி 15-ல் இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரராக இறங்கினார் நடராஜன். 301-வது வாஷிங்டன் சுந்தர். சதம் அடித்த லபுஷேன், வேட், ஹேசல்வுட் என 78 ரன்னுக்கு 3 விக்கெட். இந்தியா ஜெயித்து தொடரையும் வென்றதும், கேப்டன் ரஹானே கோப்பையைக் கொடுத்தது நடராஜன் கையில்.

ஒருநாள் அறிமுகத்துக்கும் டெஸ்ட் அறிமுகத்துக்கும் இடையில் 44 நாட்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலம் நடந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. எதிரே சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாம் கரண். பந்து நடராஜன் கையில். 6 ரன்தான் கொடுத்தார், இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. இந்தியாவுக்காக அவர் வீசிய கடைசி ஓவர் அதுதான் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் ஐபிஎல் மறுபடி தொடங்கியபோது கொரோனா பாசிட்டிவ். வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னங்காலில் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு சுமையை இறக்குகிறார். முழங்கால் கத்தி பார்த்தபிறகு அதே வேகம், அதே நம்பிக்கை வருவதற்கே காலம் பிடிக்கும்.

அவர் மீண்டு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஐபிஎல்லில் 11 போட்டியில் 18 விக்கெட், 2024-ல் 19 விக்கெட். ஆனால் அந்த இடைவெளியில் 2022 ஜூலையில் அர்ஷ்தீப் சிங் இந்திய அணிக்குள் வந்துவிட்டார். அவரும் இடது கை, அவரும் கடைசி ஓவர்களில் யார்க்கர், வயதிலோ நடராஜனைவிட எட்டு வருஷம் போல இளையவர். ஜாகீர் கான், நெஹ்ரா, இர்பான் பதானுக்குப் பிறகு நாம் வருடக்கணக்கில் தேடிய இடது கை வேகம் அது. அணியில் அந்த இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்து அர்ஷ்தீப் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். 2024 நன்றாக ஆடிய நடராஜனை ஒரு தொடருக்காவது கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் 2021-லேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பது சரியல்ல.

அதே 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது. 2025 சீசனில் அவர் ஆடியது இரண்டே போட்டி.

சின்னப்பம்பட்டியில் இப்போது 'நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்' இருக்கிறது. 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அதே ஊர்க்காரரான ஜி.பெரியசாமி, 2019 டிஎன்பிஎல் இறுதிப்போட்டியில் 5 விக்கெட் எடுத்து சேப்பாக்கம் அணிக்குக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர். நடராஜன் வளர்ந்தபோது ஊரில் இல்லாத டர்ஃப் பிட்ச்சில், லெதர் பாலில், இப்போது பையன்கள் பந்து போட்டுப் பழகுகிறார்கள்.