லின்சியன் தரும் பாடம்: புற்றுநோயும் வாழ்நிலையும்

நோய்க்குக் காரணம் தேடிய மனிதன் நெடுங்காலம் ஊழையே துணைக்கழைத்தான். இன்று ஊழின் இடத்தைத் தனிமனிதப் பழக்கம் பெற்றுள்ளது. புகைத்தான், குடித்தான், ஆகவே நோயுற்றான் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், நோயாளி எத்தகைய வாழ்நிலையில் வாழ்ந்தான் என்ற வினா இவ்விளக்கத்தில் எழுவதேயில்லை. அவ்வினாவின் இன்றியமையாமையைச் சீனாவின் லின்சியன் மாவட்டத்தில் நிகழ்ந்த நோய்ப்பரம்பலியல் ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன.

லின்சியன், ஹெனான் மாகாணத்தில் தைஹாங் மலைத்தொடரை அடுத்துள்ளது. 1994 முதல் லின்சோ எனப்படுகிறது. நீர்ப்பஞ்சமே அதன் வரலாறு எனலாம். 1960இல் தொடங்கி 1969இல் நிறைவுற்ற செங்கொடிக் கால்வாயை, மலையைக் குடைந்து அம்மக்களே வெட்டினர். உணவை விழுங்க இயலாது மெலிந்து மடியும் நோய் தலைமுறைகளாக அவர்களைப் பீடித்திருந்தது. உணவுக்குழாயிலும், இரைப்பை அதனோடு இணையும் மேல்வாயிலும் தோன்றும் புற்றே அது.

சீனாவில் 1973 முதல் 1975 வரை நிகழ்ந்த இறப்புகள் குறித்து எண்பது கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே நாடளாவிய கணக்கெடுப்பொன்று நடந்தது. இந்நோய் நாடெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை என்பதும், அண்டை மாவட்டங்களுக்கிடையேகூடப் பெருவேறுபாடு உண்டு என்பதும் அதனாற் புலனாயின. மேலை நாடுகளில் இந்நோய்க்குப் புகையும் மதுவுமே முதன்மைக் காரணிகள். லின்சியனிலோ பெண்களும் ஏறத்தாழ ஆண்களுக்கிணையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்கள் வளர்த்த கோழிகளின் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று காணப்பட்டது. கோழி புகைப்பதுமில்லை, குடிப்பதுமில்லை! புளிக்கவைத்துப் பூஞ்சணம் பிடித்த மரக்கறி, அதில் உருவாகும் நைத்திரோசமைன்கள், பழமும் பசுங்காயும் அரிதான உணவு, அதனால் விளைந்த விற்றமின் குறைபாடு ஆகியவற்றின்மீது ஆய்வாளரின் ஐயம் சென்றது. பச்சைக் காய்கறி கிட்டாத மாதங்களுக்கென மரக்கறியைப் புளிக்கவைத்தல் சுவைபற்றிய தெரிவன்று. வறுமை விதித்த வழி.

1986 முதல் 1991 வரை சீன, அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வு நிறுவனங்கள் இங்கு 29,584 பேரிடையே பரிசோதனையொன்றை நடத்தின. வெவ்வேறு குழுவினருக்கு வெவ்வேறு ஊட்டச்சத்துக் கூட்டுகள் வழங்கப்பட்டன. பீற்றா கரோட்டீன், விற்றமின் ஈ, செலனியம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்றோரிடையே மொத்த இறப்பு 9 சதவீதமும், இரைப்பைப் புற்றால் நேர்ந்த இறப்பு 21 சதவீதமும் குறைந்தன. உணவுக்குழாய்ப் புற்றில் உறுதியான பயன் தென்படவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும்.

இம்முடிவுகள் 1993இல் வெளிவந்தன. மறு ஆண்டிலேயே பின்லாந்திலிருந்து வேறொரு முடிவு வந்தது. அங்கு புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் பரிசோதனைக்குட்பட்டனர். பீற்றா கரோட்டீன் பெற்றோரிடையே நுரையீரற் புற்று குறையவில்லை. மாறாக 18 சதவீதம் மிகுந்தது. லின்சியனில் அளிக்கப்பட்டது கூட்டு மருந்தாதலாலும், ஆராயப்பட்ட நோய்கள் வேறாதலாலும் இரண்டையும் நேர்நிறுத்தி ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் ஒன்று தெளிவு. குறைபாட்டால் நலிந்த உடலுக்குத் துணைநின்ற கூட்டில் இடம்பெற்ற பொருளே, அக்குறைபாடற்ற, புகையாற் சிதைந்த உடலுக்குத் தீங்காயிற்று. சூழலினின்றும் பிரிக்கப்பட்ட பொருளுக்குத் தனக்கெனப் பொருள் இல்லை. இலக்கிய மாணவர் சொல்லைப் பற்றி நன்கறிந்த உண்மையே இது.

எனவே ‘ஆபத்துக் காரணி’ என்னும் தொடரை எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். காரணிகளை எண்ணிப் பட்டியலிடுதல் அறிவியலின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஊறுகாய்ச் சாடியைச் சுட்டுவதோடு நின்றுவிடும் ஆய்வு நோயாளியையே குற்றவாளியாக்கும். அச்சாடியை நிரப்பும்படி அவனை நிர்ப்பந்தித்த நிலத்தையும் நீரையும் உழைப்பின் பங்கீட்டையும் தேடும் ஆய்வே நோயைத் தடுக்கும். குளிசை அவசியமாகலாம்; ஆயின் குளிசையாற் குறைபாட்டை ஈடுசெய்யலாமேயன்றி, குறைபாட்டை ஈன்ற வாழ்வை மாற்றவியலாது. அம்மாற்றம் மருத்துவரின் பணி மட்டுமன்று.