கோடைக்கு ஒரு பாட்டு வரிசை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வற்றல், வடாம் என்று நமக்கெல்லாம் மொட்டைமாடியே கதி, இல்லையா? என் வீட்டில் அதோடு இன்னொரு வேலையும் உண்டு. கோடைக்கென்று பாட்டுக்களைப் பொறுக்கி ஒரே வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்குவோம். இப்போது செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. என் பட்டியலை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே!

காலையில் ஆண்டாள். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். கல்யாணமான புதிதில் திருப்பாவை கேசட்டைப் போட்டதும் மாமியார், "ஏம்மா, மார்கழிப் பாட்டைச் சித்திரையில போடுறியே?" என்றார். "நாலாவது பாசுரத்தைக் கேளுங்க அத்தை. மழை பெய்யணும்னுதானே ஆண்டாள் கேக்குறா!" என்றேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அதற்கு வராளியில் மெட்டமைத்தார். எம்.எல். வசந்தகுமாரி பாடிக் கேட்டால், வாசல் தெளிக்கும்போதே மனசு குளிர்ந்துவிடும்.

மத்தியானத்துக்குத் தாலாட்டு. ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடிய பாசுரங்களை நீலாம்பரியில் கேட்டால், வேர்க்குருவால் சிணுங்கும் குழந்தையும் கண்ணயரும். ஆனால் செல்போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்காதீர்கள். அறையின் மறுகோடியில், நாம் மெதுவாகப் பேசும் அளவுக்கு ஒலித்தால் போதும். குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

சாயங்காலம் அமிர்தவர்ஷினி. ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகம். எட்டயபுரம் சீமை வறண்டு கிடந்தபோது முத்துசுவாமி தீட்சிதர் இந்த ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பார்கள். இதே ராகத்தில் இளையராஜா 1988-ல் 'அக்னி நட்சத்திரம்' படத்துக்கு ஒரு பாட்டுப் போட்டார். ஜேசுதாஸும் ஜானகியும் பாடியது. கீர்த்தனைக்கு அடுத்ததாக அதை வைத்தேன். கீர்த்தனை என்றாலே எழுந்து போகும் என் பையன், "அம்மா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே!" என்று தானே கண்டுபிடித்தான்.

இரவில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்த இசைத் தொகுப்பு. பாடல் வரிகளே கிடையாது, வயலினும் மற்ற வாத்தியங்களும்தான். பகலெல்லாம் மில் இரைச்சலில் நின்றுவிட்டு வரும் என் வீட்டுக்காரருக்கு அதுதான் மருந்து.

கடைசிப் பாட்டு எந்தக் கடையிலும் கிடைக்காதது. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஊர்ப் பொதுவில் கூடி, மழை கேட்டுப் பாடிவிட்டுப் பகிர்ந்து உண்பார்கள். மழைச்சோறு என்று பெயர். அந்தப் பாட்டை அம்மா அருமையாகப் பாடுவாள். கல்யாணத்துக்கு முன் டேப்பில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு கோடையில் வேறு கேசட் இல்லையென்று, அதன் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டேன்! கேசட்டின் விளிம்பிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தால் அதன்மேல் வேறெதுவும் பதிவாகியிருக்காது. அது அப்போது எனக்குத் தெரியாது.

அழுதுகொண்டே சொன்னேன். "போகுது விடு. இன்னொரு நாள் பாடுறேன்" என்றாள் அம்மா. அந்த இன்னொரு நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா போய்விட்டாள்.

போன கோடையில் சித்தியைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு ஞாபகமிருந்த அடிகளை நான் எடுத்துக் கொடுக்க, மீதியைச் சித்தி பாடினாள். நடுவில் குக்கர் விசிலும் பதிந்திருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் பெண்ணின் போனிலும் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன்.

சினிமாப் பாட்டை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது, உங்கள் அம்மாவையோ மாமியாரையோ ஒரு பாட்டுப் பாடச் சொல்லி முதலில் பதிந்துவிடுங்கள். "தொண்டை சரியில்லை" என்பார்கள். பரவாயில்லை, விடாதீர்கள்!