946 மி.மீ. எங்கே போனது?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 946 மில்லிமீட்டர். மழைமானி தருவது எண். செய்தியில் நாம் கேட்பதோ சொல்: 'அதி கனமழை'. எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்பதை இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுத்திருக்கிறது. ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. கனமழைக்குக் கீழே உள்ளதை எல்லாம் இங்கே 'மழை' என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

பல்லாண்டு மழைக் கணக்குக்கு இப்படிப் பெயர் சூட்ட, பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் 'கட்' என்றொரு கட்டளை உண்டு. எல்லை எண்களையும் பெயர்களையும் கொடுத்தால் போதும். நான்கு பெயருக்கு ஐந்து எல்லை வேண்டும். ஐந்து விரலுக்கு நடுவே நான்கு இடுக்குதானே!

வேலை எளிது, வில்லங்கம் விளிம்பில்தான். கடைசி எல்லையாக 500 என்று கொடுத்தால் காயல்பட்டினத்தின் 946 எந்த வகையிலும் சேராது. அந்தக் கட்டம் வெறுமையாகிவிடும். பிழைச் செய்தியும் வராது. மாபெரும் மழை பெய்த நாளே கணக்கில் இருக்காது! மேல் எல்லையை முடிவிலி என்று வைப்பதே வழி.

அடி எல்லை 0 என்றாலும் சிக்கல். கீழ் எல்லையை விலக்கி மேல் எல்லையைச் சேர்ப்பது 'கட்'டின் இயல்பு. ஆகவே மழையே பெய்யாத நாளும் வெறுமையாகும். அளவெடுக்க மறந்த நாளோடு அது கலந்துவிடும். அதே இயல்பால், 64.5 என்று எல்லை வைத்தால் சரியாக 64.5 பெய்த நாள் கனமழையில் சேராமல் ஒரு படி இறங்கிவிடும். எல்லையை 64.4 என்று வைக்க வேண்டும்.

பெயர்களுக்கு வரிசையும் முக்கியம். வெறும் எழுத்தாகச் சேமித்தால் அகர வரிசையில் அதி கனமழை முதலில் வரும்; கனமழைக்கும் மிக கனமழைக்கும் நடுவே 'மழை' வந்து உட்காரும். 'கட்' தரும் வகைகள் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையை நினைவில் வைத்திருக்கும்.

இன்னொரு கட்டளை 'கியூகட்'. இது நாட்களை ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் பங்கு போடும். இதில் எல்லையை வகுப்பது துறையல்ல, தரவு. வறண்ட ஜெய்சல்மேரில் சாதாரண மழைகூட உச்ச வகையில் இடம்பிடிக்கலாம்.

பெயர் வந்ததும் எண் பத்தியை அழித்துவிடாதீர்கள். 205-க்கும் 946-க்கும் பெயர் ஒன்றுதான், வெள்ளம் ஒன்றல்ல.