பழம்பொருளில் ஒரு மர இடுக்கி

மரவேலையிற் பெரும்பாலும் காயமுறுவது, கருவியை ஏந்திய கையன்று. மரத்தைப் பற்றிய கையேயாகும். அக்கையை விடுவிப்பதே இடுக்கியின் பயன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யோசேப்பு மொக்சன் தமது நூலில் விவரித்த இருதிருகு இடுக்கியைக் கழித்த பொருள்களைக் கொண்டே அமைத்துவிடலாம்.

பழைய கதவுநிலையிலிருந்து கோணலற்ற இரு வன்மரத் துண்டுகளைச் சம நீளமாக அறுத்து, ஆணிகளைக் களைதல் வேண்டும். இரண்டையும் சேர்த்துவைத்து, இரு முனையருகிலும் 12 மில்லிமீற்றர் துளையிடுதல் வேண்டும். பின்துண்டில் நீண்ட போல்ட்டுகள் இரண்டைச் செலுத்தி, சுரைகளை மரத்தினுள்ளே பதித்து இறுக்கி, அத்துண்டை மேசை விளிம்போடு பொருத்துதல் வேண்டும். முன்துண்டின் துளைகளைச் சற்றே அகலமாக்கிப் போல்ட்டுகளிற் கோத்து, வாசரும் சுரையும் இட்டால் இடுக்கி ஆயத்தமாகிவிடும். உட்புறங்களிலே பழைய சைக்கிள் ட்யூப்பின் இறப்பரை ஒட்டினால் மரம் வழுவாது.

இத்தகைய போல்ட்டின் வழக்கமான புரியிலே சுரை ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றரே நகரும். ஆதலாற் சிறுவலுவும் பேரழுத்தமாகின்றது. இரு கைகளும் வாளைப் பற்றும்போது வெட்டும் நேராகும், விரலும் தப்பும்.