கலைந்த சபையும் காத்திருக்கும் மக்களும்

2012 செப்டெம்பர் 8 இல் தெரிவான கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1 எனப் பெற்றன. எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. மட்டக்களப்பின் 11 ஆசனங்களில் ஆறினை வென்ற தமிழரசுக் கட்சி எதிரணியில் அமர்ந்தது. முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவுடன் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில் அப்பதவி முஸ்லிம் காங்கிரஸின் நஸீர் அஹமட்டிடம் சென்றது. தமிழரசுக் கட்சியும் அமைச்சுப் பொறுப்பேற்றது.

2017 செப்டெம்பர் 30 இல் தவணை முடிந்தது. புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது, தேர்தல் முடங்கியது. ஆட்சி ஆளுநர் வசமாயிற்று. வாவிக்கரை மீனவரும் விவசாயியும் மாகாண மட்டத்தில் தட்டிக்கேட்கத் தம் பிரதிநிதியின்றி நின்றனர். கூட்டணிகள் மாறலாம், சபையே இல்லாமற் போவதை நாம் ஏற்கலாகாது.